கூலன்ட் குறைகிறது, கீழே சொட்டைக் காணோம்: பழைய டீசல் வண்டியில் ஒழுக்கைத் தேடும் முறை

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. வண்டி 2007 மாடல் டீசல் பிக்கப். வாரத்துக்கு ஒரு லிட்டர் போல ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, ஆனால் நிறுத்தும் இடத்தில் ஈரமே இல்லை. ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குத் தக்காளி ஏற்றிப் போகும்போது ஹீட் முள் முக்காலுக்கு ஏறுகிறது, சமதளத்தில் பாதியிலேயே நிற்கிறது. ஒரு பட்டறையில் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். இதுவரை ஊற்றி வந்தது தோட்டத்து போர் தண்ணீர். எதை நம்புவது என்பது கேள்வி.

தம்பி, இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். இருவரும் சொன்னது தவறு என்று சொல்ல வரவில்லை, இரண்டுமே நடந்திருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட், லேத் வேலை, கூலி, ஒரு வார வருமானம் எல்லாம் போய், மறுபடியும் அதே ஒரு லிட்டர் குறைந்துகொண்டிருக்கும். எத்தனையோ வண்டிகள் அப்படி வந்து நின்றிருக்கின்றன. ஒழுக்கு என்றால் அதற்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

முதலில் ஒழுக்கே இல்லாத ஒழுக்கு ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிடுவோம். பழைய வண்டிகள் சிலவற்றில் ரிசர்வ் பாட்டில் இருக்காது, அல்லது எப்போதோ உடைந்து, குழாயைத் தரையைப் பார்த்து விட்டிருப்பார்கள். அந்த வண்டியில் கழுத்துவரை நிரப்பினால், சூடாகி விரியும் தண்ணீர் அந்தக் குழாய் வழியாக ஓடும்போதே வெளியேறிவிடும். மறுநாள் காலை மூடியைத் திறந்தால் இரண்டு விரல் குறைந்திருக்கும். நீங்கள் மறுபடி நிரப்புவீர்கள், அது மறுபடி துப்பும். அப்படிப்பட்ட வண்டியில் உள்ளே இருக்கும் குழாய்கள் மூழ்கியிருக்கும் அளவு போதும், அதற்கு மேல் ஊற்றக் கூடாது. ஒரு வாரம் ஊற்றாமல் விட்டு, அளவு ஓர் இடத்தில் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். நின்றுவிட்டால் வண்டியில் கோளாறு இல்லை. உங்கள் வண்டியில் பாட்டில் இருந்து, அதில் மட்டம் ஏறிக்கொண்டே போய் ரேடியேட்டரில் மட்டும் குறைந்தால், சந்தேகம் நேராக மூடி மேல்தான்.

அந்த மூடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் எல்லோரும் அதை வெறும் மூடி என்று நினைக்கிறார்கள். அதற்குள் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. பெரிய ஸ்பிரிங் உள்ளது அழுத்தத்தைப் பிடித்து வைக்கும், நடுவில் உள்ள சின்ன வட்டு வண்டி ஆறும்போது பாட்டிலிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே விடும். மூடியின் தலையில் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும், சிலவற்றில் 13 அல்லது 15 என்று இருக்கும். முன்னது பார் கணக்கு, பின்னது பிஎஸ்ஐ கணக்கு. இந்த அழுத்தம் இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் கொதிக்கும். அழுத்தம் இல்லாவிட்டால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஓட்டத்தில் எஞ்சின் சாதாரணமாகவே 85, 90 டிகிரியில் இருக்கும். ஆக, ரப்பர் கெட்டிப்பட்டுப் போன ஒரு மூடி, சமதளத்தில் சும்மா இருந்து, லோடு ஏற்றி மேடு ஏறும்போது மட்டும் ரேடியேட்டரைக் கொதிக்க வைக்கும். உங்கள் வண்டியின் குறி இதோடு அப்படியே பொருந்துகிறது.

வண்டி முழுவதும் ஆறியிருக்கும்போது மூடியைக் கழற்றி, கீழே இருக்கும் ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாமல் கல் மாதிரி இருந்தாலோ, ரேடியேட்டர் கழுத்தின் விளிம்பு அதில் ஆழமாக வெட்டியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். நடுவில் உள்ள சின்ன வட்டை விரலால் இழுத்துவிட்டால் துள்ளித் திரும்ப வேண்டும். அது உப்புப் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தால், காலையில் மேல் ஹோஸ் (ரேடியேட்டரின் மேல்பக்கத்தை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் குழாய்) உள்ளே உறிஞ்சிச் சப்பையாகக் கிடக்கும், அதையும் பார்க்கலாம். புது மூடி வாங்கும்போது பழையதில் இருந்த அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கடையில் இருப்பதைப் போடாதீர்கள். கூடுதல் அழுத்தமுள்ள மூடி போட்டால் நல்லது என்று நினைத்துப் போட்டு, பழைய ரேடியேட்டரின் மேல் டேங்க்கைப் பிளந்துவிட்டவர்கள் உண்டு.

சூடான மூடியைத் திறக்கவே கூடாது. துணியைப் போட்டுத் திறக்கலாம் என்பதும் வேண்டாம். உள்ளே இருக்கும் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் சூடாகியிருக்கலாம், அழுத்தம் போன அந்தக் கணத்தில் கொதித்து, ஆவியோடு பீறிட்டு முகத்துக்கு வரும். மேல் ஹோஸைக் கையால் பிடித்து அமுக்க முடிகிற அளவு ஆறிய பிறகுதான் மூடிக்குப் போக வேண்டும்.

சரி, மூடி நல்லது என்று வைத்துக்கொள்வோம். கீழே சொட்டு இல்லையே, பிறகு ஒழுக்கு எப்படி என்று கேட்கிறீர்கள். சூட்டில் மட்டும் ஒழுகும் இடங்களில் தண்ணீர் தரைக்கு வந்து சேர்வதே இல்லை. எஞ்சின் பிளாக் மேலோ சைலன்சர் பைப் மேலோ பட்டு அங்கேயே காய்ந்துவிடும். அது விட்டுப்போவது கறை மட்டும். கூலன்ட் (துரு தடுக்கும் மருந்து கலந்த, கடையில் விற்கும் குளிர்விப்புத் திரவம்) ஊற்றிய வண்டியில் பச்சையோ ரோஸோ ஒரு கோடு இருக்கும். போர் தண்ணீர் ஊற்றிய உங்கள் வண்டியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்த மாதிரி இருக்கும், இரும்பாக இருந்தால் அதோடு துருவின் செம்மண் நிறமும் கலந்திருக்கும். அதைத்தான் தேட வேண்டும்.

இதற்கு நல்ல நேரம் விடிகாலை, வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன். முந்தின நாள் இரவே தக்காளிப் பெட்டியின் அட்டை ஒன்றைப் பிரித்து எஞ்சினுக்குக் கீழே விரித்து வையுங்கள். ரேடியேட்டர் இருக்கும் பக்கம், ஃபேன் இருக்கும் இடம், கியர்பாக்ஸ் சேரும் இடம் என்று அட்டையில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். சில ஒழுக்குகள் சூட்டில் அடைபட்டு, குளிரில் மட்டும் கசியும். ஹோஸ் கிளிப் இருக்கும் இடங்கள் அப்படித்தான், இரவுக் குளிரில் ரப்பரும் இரும்பும் வேறு வேறு அளவில் சுருங்குவதால் அங்கே ஒரு மயிரிழை இடைவெளி விழும். பகலில் நிறுத்தும்போது தரை காய்ந்திருக்கும், விடியற்காலை அட்டையில் நாலு சொட்டு இருக்கும். ஏசி வண்டியாக இருந்தால் அதன் தண்ணீரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏசி தண்ணீரை விரலில் தேய்த்தால் வெறும் தண்ணீர் மாதிரியே இருக்கும், கூலன்ட் கொஞ்சம் வழவழப்பாக இருக்கும்.

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே வாருங்கள். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) இருக்கும் கூட்டுக்கும் பம்புக்கும் நடுவில் போகும் குட்டி பைபாஸ் ஹோஸ். இந்தக் குட்டி ஹோஸை எல்லோரும் மறந்துவிடுவார்கள், ஏனென்றால் கைபோகாத இடத்தில் இருக்கும். ஹோஸை அழுத்தினால் மொறமொறவென்று உள்ளே நொறுங்குகிற சத்தம் வந்தாலோ, கிளிப்புக்குப் பக்கத்தில் வெடிப்பு தெரிந்தாலோ மாற்றுங்கள். பாதி ஒழுக்குகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

வாட்டர் பம்பைப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது, அதை மட்டும் நிதானமாகப் பாருங்கள். பம்ப் ஷாஃப்டுக்குக் கீழே, உடம்பில் பென்சில் முனை போகும் அளவுக்கு ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். அது தானாக விழுந்த ஓட்டை இல்லை, கம்பெனியே வைத்தது. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால், தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அந்த ஓட்டை வழியாக வெளியே வரட்டும் என்பதற்காக. அதிலிருந்து கீழ்நோக்கிக் கண்ணீர்க் கோடு மாதிரி வெள்ளைத் தடம் இறங்கியிருந்தால் பம்ப் சீல் போய்விட்டது. சிலர் அந்த ஓட்டையில் எம்-சீல் அடைத்துக் கொண்டுவருவார்கள். அதைச் செய்யவே கூடாது. அடுத்த மாதமே பேரிங் துருவேறி, ஷாஃப்ட் ஆடி, ஃபேன் போய் ரேடியேட்டரில் அடிக்கும். ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் சீலோடு பேரிங்கும் முடிந்தது, பம்பை மொத்தமாக மாற்றுவது மேல்.

அப்புறம் டம்மிகள். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாகப் பதித்திருக்கும் தகட்டு மூடிகள். பிளாக்கை வார்க்கும்போது விடும் ஓட்டைகளை அடைக்கப் போட்டவை, மெல்லிய தகடு. கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டிகளில் இவை உள்ளிருந்து துரு அரித்து ஊசிமுனை அளவு ஓட்டை விழும். ஸ்டார்டர் மோட்டருக்குப் பின்னாலும், பிளாக்குக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலும் இருப்பவைதான் தொல்லை. பின்னால் இருப்பது ஒழுகினால் தண்ணீர் கிளட்ச் இருக்கும் கூட்டுக்குக் கீழே வந்து, எண்ணெய் சீல் போய்விட்டது என்று தப்பாக நினைக்க வைக்கும். ஒரு டம்மி ஓட்டையானால் மற்றவையும் அதே வயதுதான் என்பதை நினைவில் வைத்து, கை எட்டுவதை எல்லாம் ஒரே தடவையில் மாற்றச் சொல்லுங்கள்.

ஹீட்டருக்குப் போகும் ஹோஸ்களும் டேஷ்போர்டுக்குள் குட்டி ரேடியேட்டர் மாதிரி இருக்கும் ஹீட்டர் கோரும் கூட உண்டு. நம் பக்கம் ஹீட்டரை யாரும் போடுவதில்லை என்பதால் அது நினைவுக்கே வராது, ஆனால் பல வண்டிகளில் தண்ணீர் எப்போதும் அதற்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கிளீனர் சீட்டின் கால்வைக்கும் இடத்தில் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அங்கே ஈரமும் ஒரு இனிப்பு வாசனையும் இருந்தால் தேடல் முடிந்தது.

இதெல்லாம் பார்த்தும் கிடைக்கவில்லை என்றால் பிரஷர் டெஸ்ட்தான். ஒரு கைப்பம்ப், அதில் ஒரு மீட்டர், ரேடியேட்டர் கழுத்தில் மூடிக்குப் பதிலாக மாட்டும் ஒரு அடாப்டர், அவ்வளவுதான் கருவி. கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரி மாதிரி ஊர்களில் கொஞ்சம் பெரிய பட்டறைகளில் கேட்டால் இருக்கும். ஹெட்டைக் கழற்றச் சொன்னவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதைப் போட்டுப் பார்த்தீர்களா என்பதுதான்.

வண்டி ஆறியிருக்க வேண்டும், ரேடியேட்டர் நிறைந்திருக்க வேண்டும். மூடியில் அச்சிட்ட அளவு வரை பம்ப் அடித்து, அதற்கு மேல் போகாமல், பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். முள் அசையாமல் நின்றால் குளிர்ந்த நிலையில் ஒழுக்கு இல்லை. முள் இறங்கினால் எங்கோ போகிறது. எஞ்சின் ஓடாததால் ஃபேன் காற்று இல்லை, சூடு இல்லை, சத்தமும் இல்லை. அதனால் எது கசிந்தாலும் சொட்டாகவே தெரியும். காதை வைத்தால் சில நேரம் உஸ் என்ற சத்தம்கூடக் கேட்கும். குளிரில் முள் நின்றுவிட்டால் வண்டியை ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, மூடியைத் திறக்கும் அளவு ஆறவிட்டு, இளஞ்சூட்டில் இன்னொரு முறை அடித்துப் பாருங்கள். அதே கருவியில் மூடியையும் தனியாக மாட்டிச் சோதிக்கலாம்.

முள் இறங்குகிறது, ஆனால் வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் மட்டுமே உள்ளே போகிறது என்று பொருள். ஹெட் கேஸ்கட் என்ற பேச்சு அந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும்.

அதற்கும் தனியாகச் சில சோதனைகள் இருக்கின்றன. காலையில் குளிர்ந்த எஞ்சினை மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்து, கழுத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது அடைபட்ட காற்று, பயமில்லை. தெர்மோஸ்டாட் திறக்கும் முன்பே தொடர்ந்து, எஞ்சின் துடிப்புக்கு ஏற்ற மாதிரி குமிழி வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் போகிறது. இன்னொன்று, மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த இரண்டே நிமிடத்தில், தண்ணீர் இன்னும் சூடாகாமல் இருக்கும்போதே மேல் ஹோஸ் கல்லாக விறைத்துக்கொண்டால் அதுவும் அதே குறி. சூட்டினால் வரும் அழுத்தம் அவ்வளவு வேகமாக வராது. சில பட்டறைகளில் ரேடியேட்டர் கழுத்தில் வைத்துப் பார்க்கும் நீல திரவக் கருவி இருக்கும், புகைவாயு கலந்தால் அது நிறம் மாறும். எண்ணெய் ஸ்டிக்கைப் பாருங்கள், ஆயில் மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். பால் ஊற்றின டீ நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது. அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது, பேரிங் போய்விடும்.

ஆனால் ரேடியேட்டருக்குள் ஆயில் மிதக்கிறது, ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறது என்றால் அவசரப்படாதீர்கள். டீசல் எஞ்சின்கள் பலவற்றில் ஆயில் கூலர் ஒன்று தண்ணீர்ப் பாதைக்குள் இருக்கும். ஓடும்போது ஆயில் அழுத்தம் தண்ணீர் அழுத்தத்தைவிட மிக அதிகம், அதனால் கூலர் உடைந்தால் ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். அது ஹெட்டைத் தொடாத வேலை. ஹெட் கேஸ்கட் என்று முடிவு செய்து கழற்றி, எல்லாம் மாட்டிய பிறகும் ஆயில் மிதப்பது இப்படித்தான்.

இன்னொரு எச்சரிக்கை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது டக் என்று எஞ்சின் பூட்டிக்கொண்டு சுற்றாமல் நின்றால், இரவில் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராட்தான் வளையும். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றி, எந்த ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த சிலிண்டர் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இனி ரேடியேட்டர். பித்தளை, செம்பு ரேடியேட்டராக இருந்தால் அதைத் தூக்கிப்போடாதீர்கள். மேல் டேங்க்கை ஈயம் உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திரும்பப் பற்ற வைக்கும் கைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துக் காட்டச் சொல்லுங்கள், நீங்களே நின்று பாருங்கள். அலுமினியக் கோர் (நடுவில் இருக்கும் குழாய்க் கட்டு), பிளாஸ்டிக் டேங்க் வகையில் கதை வேறு. டேங்க்கும் கோரும் சேரும் இடத்தில் ரப்பர் கேஸ்கட் வைத்து மடித்திருப்பார்கள். மடிப்பில் ஒழுகினால் கேஸ்கட் மாற்றலாம், பிளாஸ்டிக்கிலேயே வெடிப்பு விழுந்தால் பசை போட்டு ஒட்டுவது சில வாரத்துக்குத்தான், மாற்றுவதே கணக்கு.

இரண்டிலுமே, ஒழுக்கு தனி, அடைப்பு தனி என்று பார்க்க வேண்டும். சமதளத்தில் சரியாக இருந்து மேட்டில் மட்டும் சூடேறுகிறது என்றால், ஒழுக்கோடு அடைப்பும் சேர்ந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. வண்டியைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, லேசர் மாதிரி காட்டும் வெப்பமானியைக் கோரின் குறுக்கே இடமிருந்து வலமாகக் கொண்டு போங்கள். சூடு படிப்படியாக மாறுவது இயல்பு. நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. வெளிப்பக்கம் சேறும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், தண்ணீர் பீய்ச்சினால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பீய்ச்ச வேண்டும்.

இப்போது உங்கள் போர் தண்ணீர். தம்பி, என்னைக் கேட்டால் இந்தக் கேள்வியில் உள்ள முக்கியமான வரி அதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ரேடியேட்டரை அடைப்பது ஃபுளோரைடு இல்லை, தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள். வீட்டில் வெந்நீர் வைக்கும் பானையின் அடியில் பிடிக்கும் அதே வெள்ளைப் படிவுதான் எஞ்சினுக்குள்ளும் பிடிக்கிறது. சூடு எங்கே அதிகமோ அங்கேதான் முதலில் படியும், அதாவது ஹெட்டைச் சுற்றி, சிலிண்டர் சுவரைச் சுற்றி. படிந்த இடத்தில் இரும்பிலிருந்து தண்ணீருக்குச் சூடு இறங்காது. மீட்டர் பாதியைக் காட்டும்போதே ஹெட்டின் ஒரு மூலை அளவுக்கு மேல் காய்ந்துகொண்டிருக்கும்.

வாரம் ஒரு லிட்டர் குறைகிறது, ஒரு லிட்டர் ஊற்றுகிறீர்கள் என்றால் வாரம் ஒரு லிட்டர் தண்ணீரின் உப்பு புதிதாக உள்ளே போகிறது. ஆவியாகிப் போனால் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். ஒழுக்கு சின்னதாக இருக்கிறது, ஊற்றிக்கொண்டே ஓட்டலாம் என்று விடும் வண்டிகள்தான் ஒரு வருடம் கழித்து உண்மையாகவே ஹெட் கேஸ்கட் போய் வருகின்றன. அதோடு துரு தடுக்கும் மருந்தும் நீர்த்துப்போய், டம்மியும் பம்ப் சீலும் அரிக்கத் தொடங்கும். ஒரு ஒழுக்குக்காக ஊற்றிய தண்ணீர் இன்னும் மூன்று ஒழுக்கை உண்டாக்கும்.

பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு ஆர்ஓ தண்ணீரோ, சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீரோ பரவாயில்லை. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகும் கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். கூலன்ட் கேனைப் படித்து, கலந்து வந்ததா கலக்க வேண்டியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கலக்க வேண்டியது என்றால் கேனில் சொன்ன விகிதம்தான், பொதுவாகப் பாதிக்குப் பாதி. கலக்காமல் முழுசாக ஊற்றினால் சூட்டை எடுக்கும் திறன் குறையும். நம் ஊரில் தண்ணீர் உறையப்போவதில்லை, கூலன்ட் ஏன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உறைவதற்காக இல்லை, துருவுக்காகவும் கொதிநிலைக்காகவும். நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். ஈயம் பற்ற வைத்த பித்தளை ரேடியேட்டர் என்றால் அதற்கு ஏற்றது என்று கேனில் போட்டிருக்கும் பழைய வகையையே வாங்குங்கள்.

படிவைக் கரைக்க சிட்ரிக் ஆசிட் போதும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள், அது அலுமினியத்தைத் தின்றுவிடும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பல வருடப் படிவு சில ஓட்டைகளை அடைத்தும் வைத்திருக்கும். சுத்தம் செய்த மறுநாள் புது இடத்தில் ஒழுகலாம். அது சுத்தம் செய்ததால் வந்த ஓட்டை இல்லை, மறைந்திருந்தது. அதற்குத் தயாராக இருந்து, சீசன் இல்லாத வாரத்தில் செய்யுங்கள்.

மஞ்சள் தூள் போடலாமா என்றும் பலர் கேட்பார்கள். லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான், ஊசி ஓட்டை அடைபடவும் செய்யும். நடுக்காட்டில் நின்றுவிட்டால், ஊர்வந்து சேர, செய்யலாம். ஆனால் தூளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. ஏற்கெனவே உப்பு பிடித்துப் பாதி அடைந்த கோரில் போட்டால் மீதியும் அடையும். கடையில் விற்கும் ஸ்டாப் லீக் பவுடர்களுக்கும் இதே கணக்குதான். போட்டால், ஊர் வந்ததும் கழுவி வெளியேற்றிவிட வேண்டும்.

வழியில் சூடேறினால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சோதனை எல்லாம் முடியும் வரை நீங்கள் வண்டியை நிறுத்தி வைக்கப்போவதில்லை என்று தெரியும். ராயக்கோட்டை ஏற்றமோ, சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயோ, முள் முக்காலைத் தாண்டினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து ப்ளோயரைப் போடுங்கள். கியரைக் குறைத்து, ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்காமல் போங்கள். குறையவில்லை என்றால் சாலையை விட்டு நன்றாக இறக்கி நிறுத்துங்கள், தொப்பூரில் வளைவில் நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. தண்ணீர் உள்ளே இருக்கிறது, ஆவி வரவில்லை என்றால் கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் விடலாம். ஆவி கிளம்பிவிட்டால் உடனே அணையுங்கள். குளிர்ந்த தண்ணீரை எஞ்சின் மேல் ஊற்றாதீர்கள், காய்ந்த ரேடியேட்டருக்குள்ளும் ஊற்றாதீர்கள். ஹெட் வெடிப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அரைமணி, முக்கால் மணி ஆறவிடுங்கள்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் சூடு தணிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் முள்ளும் இறங்கிவிடும். உடனே நிறுத்துங்கள்.

எல்லாச் சோதனையும் முடிந்து, ஹெட்டைக் கழற்றுவது உறுதி என்றால் பட்டறையில் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஹெட்டை நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து வளைவு பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், வளைவு இருந்தால்தான் ஃபேசிங், அதாவது சீவிச் சமமாக்குவது. லேத்தில் அதே ஹெட்டைத் தண்ணீர் அழுத்தத்தில் வெடிப்புக்குச் சோதிக்கச் சொல்லுங்கள், வெடித்த ஹெட்டுக்குப் புது கேஸ்கட் போட்டுப் பயனில்லை. டீசல் எஞ்சின்கள் பலவற்றில் கேஸ்கட் தடிமனில் பல அளவுகள் உண்டு, ஓரத்தில் வெட்டு அல்லது ஓட்டைக் குறி இருக்கும். பழையதில் எத்தனை குறியோ அதையே போட வேண்டும், பிஸ்டன் வெளியே நீட்டும் அளவை வைத்து முடிவு செய்வது அது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவலில் உள்ள வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும். கை கணக்கு போதும் என்று சொல்லும் பட்டறையில் ஹெட் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கடைசியில் நிரப்பும் வேலை. எந்த ரிப்பேர் செய்தாலும் இதில் கோட்டை விட்டால் வண்டி மறுபடி ஹீட் ஆகும். முன் சக்கரங்களைக் கொஞ்சம் மேட்டில் ஏற்றி நிறுத்தி, ரேடியேட்டர் கழுத்து மிக உயரத்தில் இருக்கும்படி செய்யுங்கள். ஹீட்டரைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றுங்கள், மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸ் சூடாகி தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது நிரப்பி மூடியைப் போடுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடேறாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பழசு சந்தேகமாக இருந்தால் வெந்நீரில் போட்டு 82 டிகிரி வாக்கில் திறக்கிறதா பார்த்து, இல்லையென்றால் புதிது போடுங்கள். வடித்த பழைய கூலன்ட்டைப் பட்டறை வாசலில் கொட்டிவிடாதீர்கள். அது இனிக்கும், நாயும் மாடும் நக்கும், நக்கினால் உயிரே போகலாம்.

நிரப்பிய மறுநாள் காலை, ஆறிய வண்டியில் ரிசர்வ் பாட்டிலின் மட்டத்தில் ஒரு மார்க்கர் கோடு போடுங்கள். முதல் இரண்டு நாளில் மீதிக் காற்று போய்க் கொஞ்சம் இறங்கும், அதை டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட்டால் சரிசெய்துவிடலாம். அதற்குப் பிறகும் கோட்டுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால், எவ்வளவு, எத்தனை கிலோமீட்டருக்கு, வெள்ளைக் கறை எங்கே என்பதை எழுதி அனுப்புங்கள், அங்கிருந்து மேலே பார்ப்போம்.